சித்தெ இருங்க

எங்கள் லேபின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாய் இருந்தது. குட்டியாக வந்து, வளர்ந்து, படியில் கால் வைக்கிற ஆளையெல்லாம் அதட்டுகிற வயதுக்கு வந்த பிறகும் அதற்குப் பெயர் கிடையாது. காரணம் டாக்டரம்மா. அது வந்த முதல் நாளே நான் மணி என்று கூப்பிட்டேன். படியேறிக்கொண்டிருந்த டாக்டரம்மா நின்று, அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சித்தெ இருங்க கண்ணு. அது எப்படிப்பட்ட ஆளுன்னே இன்னும் தெரியலீங்களே. அதுக்குள்ள என்னத்துக்குப் பேரு?"

அதோடு மணி போயிற்று. அவர் அதனிடம் "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவார். அதுவும் உட்காரும்.

சித்தெ என்றால் கொஞ்ச நேரம். கொங்குப் பக்கத்துப் பேச்சு. நான் திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து சேர்ந்தவள். அந்த வார்த்தை எவ்வளவு நீளும் என்பது எனக்கு அந்த லேபில்தான் தெரிந்தது. டாக்டரம்மாவின் சித்தெ கால் மணி நேரமாகவும் இருக்கும், ஒரு வாரமாகவும் இருக்கும். முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில். நல்லூர் போகிற ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் லேப். நான் அங்கே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிக்கிறவள். ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதைத் துண்டுகள் சின்னச் சின்ன டப்பாக்களில் மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி வரும். டெக்னீஷியன் அவற்றை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றுவார். டாக்டரம்மா அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன வியாதி என்று சொல்வார். நான் அடிப்பேன். "இந்த ஊர்ல சதையக்கூட விட்டு வைக்கல, சாயம் போட்டுருதாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நல்ல கனத்த உடம்பு. பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்தில் வீடு, வீட்டில் கார், காருக்கு டிரைவர். ஆனாலும் பஸ்ஸில்தான் வருவார். கார் ரொம்ப வேகமாகப் போகிறதாம்! கையில் ஒரு துணிப்பை, அதில் வேகவைத்த நிலக்கடலை. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் இருக்கும். அதைக் கீழே இறக்கினால் எதையோ உற்றுப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். அப்போது யாரும் பேசக் கூடாது.

திருப்பூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாமும் நேற்றே முடிந்திருக்க வேண்டும். டீ குடிக்கிறவன்கூட ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை பைக்கிலும் வைத்துக்கொண்டுதான் குடிப்பான். அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு மனுஷி. சண்டை வராமல் இருக்குமா?

காதர்பேட்டையிலிருந்து ஒரு பனியன் வியாபாரி வந்தார். அவருடைய அம்மாவின் ரிப்போர்ட் தாமதமாகிவிட்டது. வந்த வேகத்தில் என் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"ஒரு கன்டெய்னர் சரக்கையே சொன்ன தேதிக்கு ஏத்திவிடறோமுங்க. ஒரு தாளு அடிக்க உங்களுக்கு இத்தனை நாளா?"

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து, அவர் கையைப் பிடித்து விரித்து, அதில் ஒரு பிடி கடலையை வைத்தார்.

"சித்தெ இருங்க. சரக்குல தப்பு இருந்தா திருப்பி அனுப்பிச்சுருவாங்க, நீங்க வேற அனுப்பலாம். உங்க அம்மாளுக்கு நான் தப்பா எழுதிக் குடுத்தா யாருங்க திருப்பி எடுத்துக்குவாங்க?"

அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றுவிட்டு, தோலை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவுக்கு மனிதர்களின் பெயரும் நிற்காது, முகமும் நிற்காது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தும் என் பெயர் அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். நான் கண்ணு, டெக்னீஷியன் கண்ணு, தண்ணீர் கேன் போடுகிற பையனும் கண்ணு. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மட்டும் மறக்க மாட்டார். ஒருமுறை மார்க்கெட்டில் ஒரு பெரிய மனிதர் வணக்கம் வைத்தார். டாக்டரம்மா திருதிருவென்று விழித்தார். அவர் தன் ஆபரேஷனைச் சொன்னதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தப் பித்தப்பையா! நல்லா இருக்கறீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. பாவம், அந்த மனிதர் கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் வைத்து அவரை வெறும் மந்தமான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒரு அக்காவுக்குத் தொடையில் கட்டி. வலியில்லை, காய்ச்சல் இல்லை. வெறும் கொழுப்புக்கட்டி என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா அந்த ஸ்லைடைப் பார்த்தார். பார்த்த கொஞ்ச நேரத்தில் விருட்டென்று எழுந்தார். "கண்ணு, அடிங்க" என்றார். புற்றுநோய். ரிப்போர்ட் சூடு ஆறுவதற்குள் ஆட்டோ பிடித்து, அந்த அக்கா குடியிருந்த லைன் வீட்டுக்கே போய், பாயில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"எப்பவும் ஆற அமரத்தானே செய்வீங்க, இன்னைக்கு ஏன் இப்படி ஓடினீங்க?" என்று கேட்டேன்.

"பேரு தெரியற வரைக்கும் இருக்கலாமுங்க. தெரிஞ்ச பொறவு ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது."

அந்த அக்கா உடனே போய் வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டார். தீபாவளிக்குத் தீபாவளி லேபுக்கு முறுக்கு வரும். ஆனால் எனக்கு அன்றிலிருந்து ஒரு பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா மெதுவாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. அவர் வேகமாக எழுந்தால் யாருக்கோ கேடுகாலம் என்று என் மனதில் பதிந்துவிட்டது.

இப்போது என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன்.

அவருக்கு வலது முன்கையில் ஒரு கட்டி. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், உள்பக்கம். தீபாவளி போனஸ் வாங்கி வந்த அன்றுதான் நான் பார்த்தேன், நெல்லிக்காய் அளவு இருந்தது. கேட்டால், "சும்மா கெட, ஏதோ இடிச்சிருக்கும்" என்றார். இவர் எதையும் சொல்லுகிற ஆள் கிடையாது. பல்வலியைக் கன்னம் வீங்குகிறவரை மறைத்த மகராசன். அடுத்த கொஞ்ச நாளில் அது பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. கத்தி மிஷினைப் பிடித்தால் சுருக்கென்று வலிக்கிறது என்று அவரே சொன்ன பிறகுதான் இழுத்துக்கொண்டு போய் சர்ஜனிடம் காட்டினேன். சர்ஜன் அதை வெட்டி எடுத்தார். எடுத்துவிட்டு வெளியே வந்தவர் முகம் சரியில்லை.

"அங்கங்க ஒட்டிக்கிட்டு இருந்தது. எனக்குப் பார்க்க நல்லதாத் தெரியலம்மா. ரிப்போர்ட் வரட்டும். கெட்டதா இருந்தா சுத்தியுள்ள சதையெல்லாம் எடுக்கணும். தேவைப்பட்டா கையையே எடுக்க வேண்டியிருக்கும்."

கட்டிங் மாஸ்டருக்கு வலது கை என்றால் என்ன என்று திருப்பூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு மெத்தை மாதிரி அடுக்கிய துணியில் கத்தி மிஷினை விட்டு, ஒரு நூல் பிசகாமல் வளைத்து எடுக்கிற கை அது. அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் ஊரை விட்டு வந்தோம்.

டப்பா எங்கள் லேபுக்கே வந்தது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவே இல்லை. சாயங்காலம் என்னை உள்ளே கூப்பிட்டு, "பாக்கறீங்களா கண்ணு?" என்று நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். பிரித்துப் போட்ட பஞ்சு மாதிரி ஒரு ரோஸ் நிறப் பரப்பு. அதில் ஊதா நிறத்தில் நடுப்பகுதி கொழுத்து, இரண்டு முனையும் இழுத்துவிட்டதுபோல நீண்ட செல்கள். சிலது நட்சத்திரம் மாதிரி கால் பரப்பி நின்றன. நடுநடுவே ரத்த அணுக்கள் தெறித்துக் கிடந்தன. அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கைக்குள்ளிருந்து வந்தது என்று நினைத்ததும் கண்ணை நீர் மறைத்தது.

"இவங்க நார்ச்செல்லுங்க," என்றார் டாக்டரம்மா. செல்களுக்கும் அவரிடம் மரியாதை உண்டு. "தோலு, சதை, எலும்பு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துப் புடிச்சு வெக்கறது இவங்கதான். எப்பவும் ஒல்லியா, இருக்கற எடம் தெரியாம கெடப்பாங்க. இங்க பாத்தா என்னமோ நோம்பிக்குப் புதுத்துணி போட்டுப் பொறப்பட்ட மாதிரி உப்பிக்கிட்டு நிக்கறாங்க."

"கெட்டவங்களா டாக்டரம்மா?"

"அதுதானுங்க புடிபடல. கூட்டமா நிக்கறாங்க, வேகமாப் பெருகறாங்க. அடிதடிக்கு வந்த கூட்டமும் தூரத்துல இருந்து பாத்தா இப்படித்தான் தெரியும், கல்யாணத்துக்கு வந்த கூட்டமும் இப்படித்தான் தெரியும். எத்தனை நாளா இருக்குதுங்க இந்தக் கட்டி?"

"ஆஸ்பத்திரியில ஆறு மாசம்னு சொல்லியிருக்கார். எனக்கு மறைச்சிருக்கார் போல."

"ஆறு மாசமா?" டாக்டரம்மா முகம் சுளித்தார். "இவங்களைப் பாத்தா நேத்து வந்தவங்க மாதிரியில்ல இருக்குது. ரெண்டும் ஒத்து வரலீங்களே. சித்தெ இருங்க."

அந்தச் சித்தெயை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். புதிது புதிதாக ஸ்லைடு போடச் சொன்னார். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் எனக்கு வந்ததே ஆத்திரம்! "உங்க கையா இருந்தா இப்படி உட்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருப்பீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "என்ற கையா இருந்தாலும் இப்படித்தானுங்க கண்ணு பாப்பேன்" என்றார். அன்று அவர் கடலையைத் தொடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் இடது கையில் கத்தரிக்கோல் பிடித்துப் பழகத் தொடங்கியிருந்தார். ஒரு பழைய பனியன் துணியை வெட்டி, தைத்து, போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, கழுத்து காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏளா, எப்படி இருக்கு? புது மாடல். வெளிநாட்டுக்காரன் போட்டி போட்டு வாங்குவான் பாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மாதாவே, இந்தக் கையை மட்டும் விட்டுவிடு என்று வேண்டினேன்.

இந்த இடத்தில் முதலாளியைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. நல்லூரில் நாலைந்து மிஷினோடு ஆரம்பித்து மேலே வந்த மனிதர். தங்கமான ஆள், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். டாக்டரம்மாவின் தாமதத்தை அவராலும் பொறுக்க முடியவில்லை. நேரே லேபுக்கு வந்து, இன்னொரு டாக்டரிடம் காட்ட ஒரு ஸ்லைடு வேண்டும் என்று கேட்டார்.

"தாராளமா காட்டுங்க. ரெண்டாவது ஆளு பாக்கறது நல்லதுதானுங்க," என்று டாக்டரம்மா ஸ்லைடைக் கொடுத்தார். கூடவே கட்டி எங்கே இருந்தது, யாருக்கு, என்ன வயது, எதில் சந்தேகம் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். முதலாளி அதை வாங்கிக்கொண்டு, வெளியூரில் ஒரு பெரிய லேபுக்கு ஆள் மூலம் அனுப்பினார்.

பதில் வந்தது. சார்கோமா மாதிரி தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். நார்த்திசுவில் வருகிற புற்றுநோய். அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். அன்று அந்தத் தாளைப் பாதியிலேயே மடித்து முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சர்ஜன் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பேசி, மறுநாள் காலையில் வந்து சேரச் சொல்லிவிட்டார். முதலாளி காரில் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் முதலாளியையும் லேபுக்கு வரச் சொன்னார். வெளியூர் ரிப்போர்ட்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஏனுங்க, நான் எழுதிக் குடுத்த தாளைப் பாத்த மாதிரியே தெரியலீங்களே இவங்க?"

"அதை நான் குடுக்கலீங்க," என்றார் முதலாளி, கொஞ்சம் பெருமையாகவே. "கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டேனுங்க. சாம்பிள் ஒண்ணுன்னு மட்டும் எழுதி அனுப்பிச்சேன்."

"எதுக்குங்க?"

"துணிய டெஸ்டிங்குக்கு அனுப்பறப்ப மில்லு பேரு, பார்ட்டி பேரு ஒண்ணும் எழுத மாட்டோமுங்க. எழுதினா பாக்கறவன் மனசு ஒரு பக்கம் சாஞ்சுரும். வெறும் நம்பரைப் போட்டு அனுப்பிச்சாத்தான் உள்ளதை உள்ளபடி சொல்லுவான். அதே மாதிரிதானுங்க இதையும்..."

டாக்டரம்மா வாயில் கையை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களுக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இந்த அம்மாவுக்குச் சிரிப்பு! முதலாளி பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"துணிக்கு நீங்க செஞ்சது சரிதானுங்க மொதலாளி. ஆனா இவங்க யாரு, எங்க இருந்தாங்க, எப்ப வந்தாங்கன்னு தெரியாம இவங்களை வெறுமனே பாத்தா யாருமே ரவுடின்னுதான் சொல்லுவாங்க. நானே சொல்லியிருப்பேன்." சிரிப்பு நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நெசமா ஆறு மாசமா இருக்குதுங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா... நேத்துதான் வந்துச்சுன்னு சொன்னா டாக்டர் பயந்துருவாரு. ரொம்ப நாளா கெடக்குன்னு சொன்னா, சரி சாதாரணம்தான்னு விட்டுருவாருன்னு நெனச்சேன்."

"அட பாவி மனுஷா!" என்றேன் நான். சபையில் புருஷனை இப்படிச் சொல்லக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது.

"அப்ப எப்பத்தானுங்க வந்துச்சு?"

"தீபாவளிக்குக் கொஞ்சம் முந்திதாம்மா."

"முன்னாடி ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதைங்க நான் நம்பறது? அதுக்கு முன்னாடி உங்க கைய நல்லாப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் பார்க்கவில்லை. அவர் பகலெல்லாம் முழுக்கைச் சட்டை, ராத்திரி ஓவர்டைம். முதலாளிதான் தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"போட்டோ இருக்குதுங்க! ஆயுத பூஜை போட்டோ!"

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் பூசி, மாலை போட்டு, அந்த மிஷின்காரரைப் பக்கத்தில் நிறுத்தி முதலாளியே போட்டோ எடுப்பார். சாம்பிள் துணியைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வாங்கிய டிஜிட்டல் கேமரா. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் அன்றைக்கு என் வீட்டுக்காரர் நெற்றியில் பொட்டில்லாமல், கத்தி மிஷினுக்குப் பொட்டு வைத்து, சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார். முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். போன சுருக்கில் கேமராவோடு வந்தார்.

என் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தோம். பெரிதாக்கச் சொன்னார் டாக்டரம்மா. முகம் திரையை விட்டு வெளியே போயிற்று, மாலை போயிற்று, வலது கை மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மழமழவென்று இருந்தது. ஒரு பொட்டுப் புடைப்புக்கூட இல்லை. டாக்டரம்மா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு இல்லை. தீபாவளிக்கு நெல்லிக்காய்," என்று தனக்குத்தானே சொன்னார். நடுவில் மூன்று வாரம்கூட இருக்காது. "சித்தெ இருங்க."

"அய்யோ டாக்டரம்மா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் காதில் வாங்காமல் உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு ஸ்லைடு, இன்னொரு ஸ்லைடு, மறுபடி முதல் ஸ்லைடு. கீழே நாய் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று விருட்டென்று எழுந்தார்.

அவர் வேகமாக எழுந்தால் என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இது புற்றுநோய் இல்லீங்க!" என்றார்.

பிறகு அவர் பேசியதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. "காயத்தை ஆத்தறதுக்கு வர்ற செல்லுங்க இவங்க. எங்கியோ லேசா அடிபட்டிருக்கலாம், படாமலும் வரலாம். வேலையே இல்லாத எடத்துக்கு வேலைக்கு வந்து கூட்டம் போட்டுட்டாங்க. வேகமாப் பெருகறாங்க, ஆனா ஒவ்வொருத்தரும் ஒழுங்காத்தான் பெருகறாங்க. ஒருத்தர் மூஞ்சிகூடக் கோணல் இல்லை. பொல்லாத கட்டி இத்தனை வேகமா வந்து நிக்கறது அபூர்வமுங்க. இவங்கதான் இப்படி அவசரக்காரங்க."

"அப்ப இவங்க திருப்பூர்க்காரங்கதான்," என்றார் என் வீட்டுக்காரர். முதலாளி சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

டாக்டரம்மா அங்கேயே போனைப் போட்டு வெளியூர் லேப் டாக்டரைப் பிடித்தார். கை, வயது, ஆயுத பூஜை போட்டோ எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அவர் தன்னிடமிருந்த ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்க்கிறவரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்? நீங்க சொல்றதுதான் சரி," என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிங்க கண்ணு. நோடுலர் ஃபேசியைட்டிஸ்."

ஒருவழியாகப் பெயர் வைத்துவிட்டார்! நான் அடித்தேன். எழுத்து மாறி மாறி விழுந்தது. அழித்தேன், மறுபடி அடித்தேன்.

"சீக்கிரம் அடிங்க கண்ணு! கோயம்புத்தூருக்குச் சொல்லி நிறுத்தோணும். சீக்கிரம், சீக்கிரம்!"

அவர் வாயில் சீக்கிரம் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். பிரிண்டரிலிருந்து தாளை அவரே உருவிக்கொண்டார். சர்ஜனை நேரில் பார்க்க அந்தக் கனத்த உடம்போடு தடதடவென்று படியில் இறங்கினார். காலில் ஒன்று அவர் செருப்பு, இன்னொன்று டெக்னீஷியன் செருப்பு. நாயே பயந்து எழுந்து வழி விட்டது.

கையை யாரும் எடுக்கவில்லை. ஆறின பிறகு ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. கட்டி திரும்பவும் வரவே இல்லை. பொங்கல் முடிந்து என் வீட்டுக்காரர் கத்தி மிஷினைப் பிடித்தார். அந்தக் கோணல் பனியனை முதலாளி கேட்டு வாங்கி, ஆபீஸில் மாட்டிவைத்தார். சரக்கு பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அது என்ன விலை என்று கேட்டாராம்.

சில வருடங்களில் டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, படியேற முடியாமல் லேபை விட்டார். கடைசி நாள் நாங்கள் எல்லாரும் கீழே வந்து நின்றோம். "இப்பவாவது இதுக்கு ஒரு பேரு வச்சிட்டுப் போங்க" என்று நாயைக் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. "சித்தெ இருங்க கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அதன் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தோம். பல்லடம் பஸ் ஸ்டாண்டில். தலை முழுக்க வெளுத்திருந்தது. பொங்கலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற, கனத்த பையோடு படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப் போய், "டாக்டரம்மா, நான்தான், லேப்ல ரிப்போர்ட் அடிச்சவ" என்றேன். "நல்லா இருக்கறீங்களா கண்ணு?" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆளை அடையாளம் தெரியவில்லை. இவர்தான் என் வீட்டுக்காரர் என்று காட்டினேன். அவருக்கும் அதே சிரிப்புதான். எனக்கு மனது என்னவோ போல் ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் வலது கைச் சட்டைப் பித்தானைக் கழற்றி, மடித்து மேலே ஏற்றி, கையை அவர் முன்னால் நீட்டினார்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பையைக் கீழே வைத்தார். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, தழும்பின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"அட!" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். "நம்ம அவசரக்காரங்களா! எப்படி இருக்கறீங்க? எங்க, வெரலை மடக்குங்க. நீட்டுங்க. இன்னொருக்கா."

கண்டக்டர் விசில் ஊதினார். "ஏனுங்கம்மா, வர்றீங்களா, இல்லீங்களா? டைமாச்சுங்க!"

டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை விடவும் இல்லை.

"சித்தெ இருங்க," என்றார்.

பஸ் நின்றது.